கண்ணுக்கு எட்டும் காவல்

மணலியிலிருந்து பெட்ரோல் ஏற்றிவரும் டேங்கர் லாரியின் பின்புறத்தில் ஒரு செந்நிறச் சாய்சதுரமும், அதனுள் ஒரு தீச்சுடரும் இருப்பதைக் கொருக்குப்பேட்டைப் பக்கத்தில் காணாதவர் இலர். எழுத்தறியாதவரும் அதனருகே பீடி பற்றவைக்க அஞ்சுவர். அபாயம் எங்கே உள்ளதோ அங்கேயே படமும் உள்ளது. ரயில்வே கேட்டின் நடுவே உள்ள சிவப்பு வட்டமும் அத்தகையதே. நாள் முழுதும் மூட்டை சுமந்து ஈட்டிய கூலி இன்று கைப்பேசி வழியாகப் பறிபோகிறதே, அங்கே இத்தகைய படம் உண்டா?

இருந்த ஒரு படமும் மக்களைத் தவறாக நம்பவைத்தது! இணையப் பக்கத்தின் முகவரிக்கு முன்னால் காணப்பட்ட சிறு பூட்டைத்தான் சொல்கிறேன். பூட்டு உண்டெனில் பக்கமும் நம்பத்தக்கது என்றே பலரும் எண்ணினர். நம் கைப்பேசிக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். உறைக்கு அரக்கு முத்திரையிட்டு அனுப்பினோம், சரி, பெற்றுக்கொள்பவனே திருடனாயின்? மோசடிப் பக்கங்களும் பூட்டு மாட்டிக்கொண்டன. கூகுள் நிறுவனம் 2021இல் நடத்திய ஆய்வில் அப்பூட்டின் பொருளைச் சரியாக அறிந்தோர் நூற்றுக்கு 11 பேரே. 2023 செப்டம்பரில் குரோம் உலாவியில் அது நீக்கப்பட்டு வேறு குறி இடப்பட்டது.

இனி, தேநீர்க் கடை மேசைவரை வந்துவிட்ட கியூஆர் அட்டையைப் பார்ப்போம். பழைய கட்டிலை விற்க விளம்பரம் செய்தவரிடம், "நான் அனுப்பும் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்கிறான் ஒருவன். போட்டால் பணம் போய்விடும்! யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. இதை வங்கிகள் குறுஞ்செய்தியில் சொல்லாமலில்லை. ஆனால் அச்செய்தி வேறொரு நாளில், விளம்பரங்களுக்கு நடுவே வருகிறது. கேட்டைத் தாண்டி அரைமைல் தள்ளிச் சிவப்பு வட்டத்தை மாட்டியது போல. ரகசிய எண்ணைப் போடும் இடத்திலேயே, காசு வெளியே செல்லும் கையின் படமும், தொகையும், பெறுபவர் பெயரும் பெரிதாக இருக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் நம்மிடையே உளர்.

விழிப்புணர்வுச் சுவரொட்டிகளிலோ முக்காடிட்ட ஒருவன் இருட்டில் கணினிமுன் அமர்ந்திருக்கிறான். உண்மையில் வருபவன் அப்படியா வருகிறான்? காக்கிச் சட்டையுடன் வீடியோ அழைப்பில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறான். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. ஆகவே கைப்பேசித் திரையில் காக்கிச் சட்டைக்காரனையே வரைந்து, குறுக்கே தடித்த கோடிடுவதே பொருத்தம். அதனடியில் 1930 என்னும் உதவி எண்ணை, எட்டடி தள்ளி நிற்பவரும் படிக்கும் அளவில் எழுத வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகுமுன் தடுத்து நிறுத்த, முதல் சில மணி நேரமே உதவும்.

வரைந்த படத்தைச் சரக்குக் கிடங்கில் சுமை இறக்குபவரிடம் ஒரு நொடி காட்டி மறைத்துவிட்டு, "இப்படி ஓர் அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பார்க்கலாம். "படம் நன்றாக இருக்கிறது, தம்பி" என்று மட்டும் அவர் சொன்னால், வேறு படம் வரைய வேண்டியதுதான்.