மறுபடி கல்லாகும் சுண்ணாம்பு

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே ஊரின் கைலாசநாதர் கோயிலுக்கும் அவர்கள் போக வேண்டும். அங்கே அடித்தளம் கருங்கல். அதன்மேல் எழும் பல்லவர் கால விமானம் செங்கல். செங்கற்களைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. இத்தகைய கட்டடத்தில் சிமெண்ட் பூசுவது பழுதுபார்ப்பு ஆகாது, சேதம் செய்வதே ஆகும். காரணம், கால்சைட் என்னும் கனிமத்தின் இயல்பில் இருக்கிறது.

கால்சைட் என்பது படிக வடிவிலுள்ள கால்சியம் கார்பனேட். மோ கடினத்தன்மை அளவுகோலில் அதன் இடம் 3. நகம் கீறாது, கத்தி கீறும். நீர்த்த அமிலம் பட்டால் நுரைக்கும். கரியமில வாயு கலந்த மழைநீரில் மெல்லக் கரையும், நீர் வற்றினால் மறுபடி படியும். வறண்ட நிலத்து மண்ணில் சுக்கான்கல் உருண்டைகள் விளைவது இப்படித்தான். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடியில், உயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. தூய கல் 100 கிலோவைக் காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 44 கிலோ கரியமில வாயுவாக வெளியேறி 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் அது கொதித்து நீறும். மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தபின், காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மீண்டும் கால்சைட்டாகவே மாறும். கரைந்து படியும் குணம் அப்போதும் போவதில்லை. மயிரிழை வெடிப்புகளில் இறங்கும் மழைநீர், கரைத்துவந்த சுண்ணாம்பைப் படியவைத்து அவற்றை அடைப்பதுண்டு.

சிமெண்ட் வலுவானது, விரைவில் இறுகுவது என்பார்கள். உண்மைதான், சுண்ணாம்புக் காரை உள்வரை இறுக மாதக்கணக்கில் ஆகும். ஆனால் இங்கே அந்த வலுவே வினை. பழஞ்செங்கல் மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. இணைப்பைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் சுவருக்குள் புகுந்த ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற முடியும். ஈரம் கொண்டுவரும் உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதைப் பொடியாக உதிர்க்கிறது. சுண்ணாம்பு இருந்தால் ஈரம் அதன் வழியே போகும், உதிர்வதும் காரைதான். காரையை மாற்றலாம், ஆயிரம் ஆண்டுச் செங்கல்லை எப்படி மாற்றுவது?

செலவும் ஆளும் எங்கே என்ற கேள்வி நியாயமானது. சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துக் குழைய அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். ஆயினும் கைலாசநாதர் கோயிலையே ரீச் அறக்கட்டளை முன்னின்று சுண்ணாம்புக் காரையால் சீரமைத்தது. ஆகவே முடியாத வேலையல்ல. சுண்ணாம்புக்கும் எல்லை உண்டு: காற்றுப் படாத ஈரமான அடித்தளத்தில் தனிச் சுண்ணாம்பு இறுகாது. அங்கே சுட்ட செங்கல்லை மாவாக இடித்த சுர்க்கியைக் கலக்க வேண்டும். அந்தக் கலவை நீருக்குள்ளும் இறுகும்.