கண்ணாடி மணி கம்பியை விட்டுக் கழலவில்லையா?



கொழுந்து குறைந்த மாதங்களில் கைச்செலவுக்கு உதவக்கூடிய கைத்தொழில்கள் பற்றி நம் பிள்ளைகள் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவற்றில் ஒன்று கண்ணாடி மணி செய்தல். காஸ் சுவாலையில் கண்ணாடிக் கோலை உருக்கி, ஒரு மெல்லிய உருக்குக் கம்பியில் சுற்றி மணியாக்குவதே இத்தொழில். மாலைக்கும் காதணிக்கும் இத்தகைய மணிகளைக் கோர்க்கலாம்.

ஆனால் பழகத் தொடங்கியவர்கள் எல்லோரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "மணி நல்லா வருது, ஆனா கம்பிய விட்டுக் கழலமாட்டேங்குது." குறட்டால் இழுத்தால் மணி இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஒரு நாளில் 20 மணி செய்து அதில் 5 மணி இப்படிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கால்வாசி உழைப்பும், அதற்கு எரிந்த காஸும் கண்ணாடியும் குப்பைக்குப் போயின. கடன் வாங்கித் தொழில் தொடங்கியவருக்கு இது சின்ன நட்டமல்ல. சிலர் "இது நமக்குச் சரிவராது" என்று கைவிட்டும் விடுகிறார்கள்.

குறை பெரும்பாலும் கையிலும் இல்லை, நெருப்பிலும் இல்லை. நெருப்பு மூட்டுவதற்கு முன்னரே, கம்பியைத் தயார் செய்யும்போதே அது வந்துவிடுகிறது. ஆகவே கம்பியையும் அதன் பூச்சையும் பற்றி மட்டும் இங்கே விளக்குகிறோம்.

பூச்சு எதற்கு?

உருகிய கண்ணாடி 700 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் இருக்கும். அது வெறும் உலோகத்தில் பட்டால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். ஆறிய பிறகு பிரிக்கவே முடியாது. அதனால் கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நெருப்பில் உருகாத ஒரு மண்பூச்சு தேவை. கடையில் இதை 'பீட் ரிலீஸ்' என்று விற்கிறார்கள். கம்பியை 'மண்ட்ரல்' என்பார்கள்.

பூச்சில் முக்கியமாக இருப்பவை அலுமினாப் பொடியும் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும். சில கலவைகளில் காரீயமும் சேரும். கயோலின் நம் நாட்டில் பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் கிடைக்கிறது. காரீயத்துக்குப் போகலைச் சுரங்கம் பேர்போனது.

இந்தப் பூச்சுக்கு இரண்டு வேலை. மணி செய்யும் வரை கம்பியை இறுகப் பிடித்திருக்க வேண்டும். மணி ஆறிய பின் பொடிந்து வழிவிட வேண்டும். ஆறும்போது உருக்குக் கம்பி கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். அந்தச் சிறு இடைவெளியில் பூச்சு நொறுங்க, மணி கழலும். பிடிப்பும் வேண்டும், பொடிவும் வேண்டும் என்பதால்தான் பூச்சு அளவாக இருக்க வேண்டும் என்கிறோம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

துளை போடுவது உலகம் முழுவதும் மணிக்காரர்களுக்கு இருந்த கஷ்டம்தான். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் கம்பியில் சுற்றுவதில்லை. உருகிய கண்ணாடியைக் குழாயாக நீளமாக இழுத்து, ஆறியதும் துண்டு துண்டாக நறுக்குகிறார்கள். அப்படி இழுத்துச் செய்த பழங்கால மணிகள் மன்னாருக்கு அருகே மாந்தையிலும் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. ஆபிரிக்காவில் கானா நாட்டின் குரோபோ மக்கள் பழைய போத்தல்களை இடித்துப் பொடியாக்கி மண் அச்சில் நிரப்புகிறார்கள். கண்ணாடி அச்சில் ஒட்டாதிருக்கக் கயோலின் கரைசலைப் பூசுகிறார்கள். துளைக்கு மரவள்ளி இலைக் காம்பை நடுவில் நட்டுவிடுவார்கள். சூளையில் காம்பு எரிந்துபோக, துளை மிஞ்சும். நமது வீட்டுத் தோட்டத்து மரவள்ளிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள். கம்பியில் சுற்றும் நமக்கோ பூச்சைத் தவிர வேறு வழியில்லை.

கம்பியைத் தயார் செய்தல்

1. துருப்பிடிக்காத உருக்குக் கம்பியையே எடுங்கள். 1.6 மி.மீ. அல்லது 2.4 மி.மீ. பருமன், சுமார் 30 செ.மீ. நீளம் போதும். நாகம் பூசிய வேலிக்கம்பி வேண்டவே வேண்டாம். சூட்டில் அதிலிருந்து கிளம்பும் புகை காய்ச்சலையும் நெஞ்சடைப்பையும் தரும்.

2. கம்பி நேராக இருக்க வேண்டும். தட்டையான மேசையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைவு இருக்கிறது. வளைந்த கம்பியில் மணி கழலாது. வெட்டிய நுனியில் பிசிறு இருந்தால் அரத்தால் ராவி விடுங்கள். மணி வெளியே வருவது அந்த வழியாகத்தான்.

3. புதுக் கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் கீறிய சொரசொரப்பில்தான் பூச்சு பிடிக்கும். அதன்பிறகு பூசும் பகுதியை விரலால் தொடாதீர்கள். கைப்பிசுக்கும் பிசுக்குதான்.

பூசுதலும் உலர்த்தலும்

கலவை கெட்டித் தயிரை நன்றாக அடித்த பதத்தில் இருக்கட்டும். மண் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து மெதுவாகக் கிண்டுங்கள். போத்தலைக் குலுக்கினால் காற்றுக்குமிழ் ஏறும். குமிழ் இருந்த இடம் நெருப்பில் ஓட்டையாகும். கெட்டியானால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள், அள்ளி ஊற்றாதீர்கள்.

கம்பியை நேராக 6 அல்லது 7 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, ஒரே வேகத்தில் மேலே எடுங்கள். கம்பியின் நிறம் தெரியாமல் மூடியிருக்க வேண்டும், ஆனால் மெழுகுதிரி போலத் தடிக்கக் கூடாது. மணல் நிரப்பிய பால்மாப் பேணியில், பூசிய முனை மேலே இருக்கும்படி குத்தி வையுங்கள்.

காற்றில் உலர்த்துவதே நல்லது. மலைநாட்டு மழைக்காலத்தில் ஒரு இரவு முழுக்க விட்டாலும் தவறில்லை. சில பூச்சுகளை நெருப்பிலேயே உலர்த்தலாம் என்று போத்தலில் எழுதியிருக்கும். அப்படி எழுதியிராததை ஈரத்தோடு சுவாலையில் காட்டினால் உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துப் பூச்சை உரித்துத் தள்ளும்.

குறையும் பரிகாரமும்

நெருப்பில் காட்டியதும் பூச்சு உதிருகிறது: கம்பியில் பிசுக்கு, அல்லது பூச்சு தடிப்பு, அல்லது ஈரம் காயவில்லை. ஒட்டுப் போடப் பார்க்காதீர்கள். முழுவதையும் நீரில் கழுவி மறுபடி பூசுங்கள்.

மணி செய்யும்போதே கம்பியில் சுழலுகிறது: பூச்சு நடுவில் உடைந்துவிட்டது. கண்ணாடியைச் சுற்றுமுன் பூச்சு செம்மஞ்சளாகத் தணலடிக்கும் வரை சுட வேண்டும். கண்ணாடியும் தேன்போல இளகியிருக்க வேண்டும். இளகாத கண்ணாடியை அழுத்தினால் பூச்சு நொறுங்கும். உடைந்த பிறகு கம்பியை முறுக்காமல், மெதுவாகச் சுட்டு வேலையை முடித்துவிடுங்கள்.

மணி கழலவே இல்லை: பூச்சு மெல்லியதாக இருந்திருக்கும். அல்லது கண்ணாடி பூச்சின் எல்லையைத் தாண்டி வெறும் கம்பியைத் தொட்டிருக்கும். முதலில் நன்றாக ஆறவிட்டு, ஒரு இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். பிறகு கம்பியைக் குறட்டால் பிடித்து, மணியை றப்பர் துண்டால் பற்றி மெல்லத் திருகுங்கள். இழுக்க வேண்டாம், முதலில் திருப்பத்தான் வேண்டும். லேசாக அசைந்தாலும் போதும், பூச்சு உடைந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றுவதற்காகத் திரும்பவும் சுவாலையில் காட்டாதீர்கள். மணி வெடித்துக் கண்ணில் தெறிக்கும்.

மணியில் குறுக்கே வெடிப்பு: இதைப் பூச்சின் தலையில் போட முடியாது. வேகமாக ஆறியதாலோ, இரண்டு வகைக் கண்ணாடியைக் கலந்ததாலோ வருவது. மணிகளைச் சுமார் 500 பாகைச் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆற்ற வேண்டும். போத்தல் கண்ணாடியையும் கடையில் வாங்கிய கோலையும் ஒரே மணியில் சேர்க்காதீர்கள்.

துளைக்குள் வெள்ளைப் பொடி: கழுவாமல் விற்றால் நூலிலும் சட்டையிலும் பொடி கொட்டும். வாங்கியவர் மறுபடி வரமாட்டார். துளைக்குள் நுழையும் சிறு தூரிகை அல்லது வைரத்தூள் பதித்த ஊசியரத்தால் தேய்த்துக் கழுவுங்கள்.

தூசியை இலேசாக எண்ண வேண்டாம்

துளையைச் சுத்தம் செய்வதும், பழைய பூச்சைக் கம்பியிலிருந்து சுரண்டுவதும் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். காய்ந்த பொடி கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நெஞ்சுக்குள் போகும். களிமண்ணில் கலந்திருக்கும் படிகக்கல் தூசி நுரையீரலில் தழும்பு உண்டாக்கும். அப்படி வந்த தழும்பு மருந்தில் மாறாது. லயத்தில் ஒரே அறையில்தான் சமையலும் படுக்கையும் என்பதால், வேலை செய்பவர் மட்டுமல்ல, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் அதையே சுவாசிக்கும். தூள் கலக்கும்போது தூசி தடுக்கும் நல்ல முகமூடி அணியுங்கள். சேலைத் தலைப்பால் மூடுவது போதாது. காய்ந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். காஸ் சுவாலை வேலை லய அறைக்குள் வேண்டவே வேண்டாம். காற்றோட்டமுள்ள தனி இடமும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

செலவில்லாத பயிற்சி

காஸ் வாங்குமுன்னரே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 10 கம்பி எடுங்கள். சிலதைத் தேய்த்தும் சிலதைத் தேய்க்காமலும், கலவையைக் கொஞ்சம் இளக்கியும் கெட்டியாக்கியும் பூசி உலர்த்துங்கள். மறுநாள் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எது செதிலாக உதிருகிறது, எது சீராகப் பிடித்திருக்கிறது என்று கொப்பியில் எழுதி வையுங்கள். இதற்குக் கொஞ்சம் பூச்சு தவிர வேறு செலவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கணக்கெழுத வைத்தால் அதற்கும் தொழில் பழகும்.

பத்துக் கம்பியும் ஒரே மாதிரிப் பூச்சுப் பிடிக்கும் நாள் வந்த பிறகு காஸ் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை கடன் எடுக்க அவசரப்பட வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.