முகக்கவசக் கிருமிநீக்கம்

முகக்கவசக் கிருமிநீக்கம் என்பது பயன்படுத்திய முகக்கவசத்தில் படிந்துள்ள தீநுண்மிகளைச் செயலிழக்கச் செய்து, அதை மீண்டும் அணியத் தக்கதாக மாற்றும் முறையாகும். 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது என்95 முகக்கவசங்களுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஒருமுறை அணிந்து கழித்துவிட வேண்டிய கவசங்களை மருத்துவர்களும் செவிலியர்களும் மீண்டும் மீண்டும் அணிய நேர்ந்தது. இதனால் இம்முறைகள் முக்கியத்துவம் பெற்றன. துணிக் கவசத்திற்கு ஏற்ற முறை என்95 கவசத்தைப் பயனற்றதாக்கிவிடக் கூடும்.

என்95 வடிகட்டும் விதம்

சுமார் 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்க வேண்டும் என்பதையே இப்பெயரிலுள்ள 95 குறிக்கிறது. கவசத்தின் நடு அடுக்கு, உருக்கி ஊதப்பட்ட பாலிப்ரொப்பிலீன் நுண்ணிழைகளால் ஆனது. இழைகளுக்கு இடையிலுள்ள துளைகள் பல துகள்களைவிடப் பெரியவை. ஆயினும் இழைகளில் ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னூட்டம் துகள்களை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை ஈர்ப்பதும் இதே தத்துவத்தால்தான். இந்த மின்னேற்ற முறையை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் சாய். ஓய்வு பெற்றிருந்த அவர், 2020-இல் கிருமிநீக்க ஆய்வுக்காக மீண்டும் பணியில் இறங்கினார்.

நிபந்தனைகள்

தீநுண்மியை அழிப்பது மட்டும் போதாது. ஏற்கத்தக்க முறை நான்கு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்:

1. தீநுண்மி செயலிழக்க வேண்டும்.
2. வடிகட்டும் திறன் குறையக் கூடாது.
3. கவசம் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும்.
4. நச்சு எச்சம் தங்கக் கூடாது.

பயன்படுத்தப்பட்ட முறைகள்

ஐதரசன் பெராக்சைடு ஆவி: மூடிய அறையில் ஆவியைச் செலுத்திப் பின்னர் காற்றோட்டத்தால் வெளியேற்றுவர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 மார்ச் மாத இறுதியில் பேட்டெல் நிறுவனத்தின் இத்தகைய அமைப்புக்கு அவசரகால அனுமதி வழங்கியது.

புறஊதா-சி கதிர்: 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் தீநுண்மியின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. மடிப்புகளிலும் நிழல் விழும் இடங்களிலும் கதிர் எட்டாது. சூரியனின் புறஊதா-சி கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் வெயிலில் காய வைப்பது இதற்கு ஈடாகாது.

ஈர வெப்பம்: ஈரப்பதமுள்ள காற்றில், சுமார் 70 பாகை செல்சியசில் 30 முதல் 60 நிமிடங்கள் வைப்பது.

சுழற்சி முறை: ஐந்து கவசங்களை நாளுக்கு ஒன்றாக அணிந்து, கழற்றியதைக் காற்றுப் புகும் காகிதப் பையில் ஐந்து நாட்கள் விட்டுவைப்பது. கருவி ஏதும் தேவையில்லை. இது உறுதியான கிருமிநீக்கம் அன்று. தீநுண்மி நாளடைவில் தானே செயலிழப்பதை நம்பியிருக்கும் ஏற்பாடு.

தவிர்க்க வேண்டியவை

சோப்பு நீரும் ஆல்ககாலும் தீநுண்மியை அழிக்கும். அதே வேளையில் இழைகளின் மின்னூட்டத்தையும் நீக்கிவிடும். கவசம் பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். வடிகட்டும் திறன் குறைந்திருப்பதை அணிபவர் உணர முடியாது. எனவே இது அழுக்கான கவசத்தைவிட ஏமாற்றக் கூடியது. வெளுப்பான் கரைசலின் நெடி கவசத்தில் தங்கி, சுவாசத்தின் வழியே உட்செல்லும். மூக்குப் பகுதியில் உலோகப் பட்டை உள்ள கவசத்தை நுண்ணலை அடுப்பில் வைத்தால் தீப்பொறி எழலாம்.

துணி முகக்கவசங்கள்

துணிக் கவசம் மின்னூட்டத்தை நம்பியதன்று. ஆகவே துவைக்கலாம். சோப்புடன் குறைந்தது 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. வெந்நீர் இல்லையெனில், சாதாரண நீரில் சோப்பிட்டுத் துவைத்தபின் ஒரு நிமிடம் கொதிக்க வைக்கலாம். நன்கு உலர்ந்த பிறகே அணிய வேண்டும்.

வரம்புகள்

எந்த முறையும் கவசத்தைப் புதிதாக்குவதில்லை. அணிந்து கழற்றும் ஒவ்வொரு முறையும் மீள்பட்டை தளர்கிறது. விளிம்பில் இடைவெளி உண்டானால் காற்று வடிகட்டப்படாமல் உள்ளே புகும். கிழிந்த, நனைந்த, இரத்தக்கறை பட்ட கவசங்களை அகற்றிவிட வேண்டும். கிருமிநீக்கம் தட்டுப்பாட்டுக் காலத்திற்கான மாற்று ஏற்பாடே. புதிய கவசங்கள் போதிய அளவில் கிடைக்கத் தொடங்கியதும், 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க நிர்வாகம் இதற்கான அவசரகால அனுமதிகளைத் திரும்பப் பெற்றது.