அதிகம் ஓடிய டீசல் கார் எஞ்சின்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் கார் புகை தள்ளவோ, இழுவை குறையவோ, ஆயில் குடிக்கவோ தொடங்கினால் உரிமையாளருக்கு மூன்று வழிகள் உள்ளன. கெட்ட பாகத்தை மட்டும் சரிசெய்யலாம். எஞ்சினை இறக்கி முழுமையாகப் புதுப்பிக்கலாம். வேறு எஞ்சினைப் பொருத்தலாம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பல மாத வருமானத்தை விழுங்கக்கூடிய முடிவு. ஓடிய தூரத்தை மட்டும் பார்த்து அதை எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேய்மானம் எங்கே உள்ளது என்பதை அளந்து பார்த்த பிறகே எஞ்சினைத் திறக்க வேண்டும்.

இந்தியச் சாலைகளில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின். மாருதி ஸ்விஃப்ட், டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ எனப் பல கார்களில் இது இருந்ததால் 'தேசிய எஞ்சின்' என்றே வேடிக்கையாக அழைக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது மாருதி டீசல் கார் விற்பனையைக் கைவிட்டது. அதனால் இந்த வண்டிகளை வைத்திருப்போர் பழையதைக் காப்பாற்றுவது பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

புகையின் நிறம் முதல் தடயம். கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு: அடைபட்ட ஏர் ஃபில்டர், கிழிந்த டர்போ குழாய், இ.ஜி.ஆர். வால்வு, இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் எஞ்சினை இறக்கத் தேவையில்லை. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். உடனே 'பிஸ்டன் ரிங் போச்சு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் டர்போவின் ஆயில் சீல் கசிந்தாலும் இதே புகைதான். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க அதிக நேரம் ஆகாது. அந்தச் சோதனையைத் தவிர்த்து முழு எஞ்சினையும் பிரித்தவர்கள் உண்டு. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து கூலன்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. கார் டீசல் எஞ்சின்களில் பொதுவாக 20 முதல் 30 பார் வரை அழுத்தம் இருக்கும். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடுதான் அதிகம் சொல்லும். நான்கும் ஒரே சீராகச் சற்றுக் குறைந்திருந்தால் அது வயதின் தேய்மானம். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் வால்வு, ரிங், பிஸ்டன் ஆகியவற்றில் ஏதோ உடைந்தோ எரிந்தோ இருக்கலாம்.

பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் விட்டுச் சோதிப்பது டீசலுக்குப் பொருந்தாது. மல்டிஜெட்டின் கொள்ளளவு 1248 கன செ.மீ.; ஒரு சிலிண்டருக்கு 312. அது ஏறத்தாழ 18 கன செ.மீ. இடத்துக்குள் அழுத்தப்படுகிறது. அவ்வளவு சிறிய இடத்தில் சிறிது ஆயில் விட்டாலும் அளவு பொய்யாகிவிடும். அதிகமானால் கனெக்டிங் ராடே வளையலாம்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருவதைப் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். ரிங் தேய்ந்ததற்கு இது அடையாளம்தான் என்றாலும், பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் இப்படி வரும்.

புதுப்பித்தல்

தேய்மானம் உறுதியானால் போர் அளவு, கிராங்க் ஷாஃப்ட், ஹெட்டின் சமதளம் மூன்றையும் லேத் பட்டறையில் அளந்து எழுதி வாங்க வேண்டும். கிராங்கை அரைக்கலாமா என்பதைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்ல முடியும். எல்லாவற்றையும் அரைக்க முடியாது.

எஞ்சின் ஏன் கெட்டது என்பதற்கு விடை கிடைக்காமல் அதை மூடக்கூடாது. ஆயில் மாற்றாமல் ஓட்டியதால் சேறு கட்டி பேரிங் போயிருந்தால், ஆயில் பாதைகள், கூலர், டர்போ எல்லாவற்றிலும் உலோகத் துகள் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யாமல் புதிய பேரிங் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். ஒழுகும் இன்ஜெக்டரால் பிஸ்டன் எரிந்திருந்தால், அதே இன்ஜெக்டர் புதிய பிஸ்டனையும் எரிக்கும். மல்டிஜெட்டில் டைமிங் செயினையும் அதன் டென்ஷனரையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

மாற்று எஞ்சின்

பிளாக் வெடித்திருந்தாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ மாற்றுவதே வழி. சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கழற்றிய எஞ்சின்கள் கிடைக்கும். வேலை நாள் மிச்சமாகும். ஆனால் அந்த எஞ்சினின் கடந்த காலம் தெரியாது. கம்ப்ரஷன் சோதிக்க விடாத கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

செலவைக் காரின் விலையோடு மட்டும் ஒப்பிடக்கூடாது. பழுதான நிலையில் 1.5 லட்சமும் நல்ல நிலையில் 3 லட்சமும் பெறும் கார் என்று வைத்துக்கொள்வோம். புதுப்பிக்க 90,000 ரூபாய் என்றால் விற்பவருக்கும் இலாபமே. 1.7 லட்சம் என்றால் விற்பவருக்கு நட்டம்; இன்னும் நான்கு ஆண்டு ஓட்டப்போகிறவருக்கு அப்படியில்லை. கியர்பாக்ஸ், துரு, மீதமுள்ள பதிவுக்காலம் ஆகியவையும் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் உள்ளதால், மாற்றினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிய வேண்டும். எனவே எஞ்சினை வாங்கும்போதே ரசீதையும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.