மிளகும் நினைவகமும்



நம்மில் கணிப்பொறி இல்லாதார் இலர். அதன் நினைவகம் போதவில்லையே என்று வருந்தாதாரும் இலர். அவ்வருத்தம் எனக்கும் வந்தது. 2025 செப்டம்பரில் எர்ணாகுளத்துக் கடை ஒன்றில் 16 ஜி.பி. நினைவகத் துண்டின் விலை கேட்டேன். 4,500 ரூபாய் என்றார்கள். 'இப்பொருளின் விலை நாளுக்கு நாள் இறங்குவதுதானே, தீபாவளி கழியட்டும்' என்று திரும்பிவிட்டேன். டிசம்பரில் பணத்தோடு சென்றால் அதே துண்டு 11,000 ரூபாய்! கொள்ளை, பதுக்கல் என்று அன்றிரவு விடுதியில் நான் முழங்கிய முழக்கத்தை அடுத்த அறையினர் இன்னும் மறக்கவில்லை.

என் அறைத் தோழன் கம்பத்துக்காரன். குமுளிப் பக்கம் அவன் வீட்டாருக்குச் சிறு மிளகுத் தோட்டம் உண்டு. அவன் சிரித்தான். "இதற்கு விடை அந்தக் கடையில் இல்லை; மட்டாஞ்சேரியில் இருக்கிறது. சனிக்கிழமை என்னோடு வா" என்றான்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இன்று அங்கே பழம்பொருட் கடைகளும் அவற்றைப் படம் பிடிக்கும் பயணிகளுமே மிகுதி. ஆயினும் 1957-இல் தோன்றிய மிளகு வாணிகச் சங்கத்தின் பெயர் அத்தெருவோடு ஒட்டியது. சில மாதங்களுக்குப்பின் கொடுக்க வேண்டிய மிளகுக்கு இன்றே விலை பேசி முடிக்கும் முன்பேர வாணிகம் அச்சங்கத்தில் ஒரு காலத்தில் கூவிக் கூவியே நடந்ததாம். அருகில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் தமிழ்ப் பெரியவர் ஒருவரிடம் தோழன் என்னை நிறுத்தினான். மிளகு நெடி மூக்கில் ஏற, தும்மலுக்கிடையே என் வழக்கை எடுத்துரைத்தேன்.

"தம்பி, மிளகுக்கொடி நட்டால் எத்தனை ஆண்டில் காய்க்கும்?" என்று கேட்டார் அவர்.

எனக்குத் தெரியவில்லை. தோழன்தான், "மூன்று, நான்கு ஆண்டு ஆகும் ஐயா" என்றான்.

"விலை ஏறியதும் நடுகிறான். காய்க்கும்போது அந்த விலை இருக்குமா?"

வழக்கு அவ்வளவுதான். 2015, 2016-இல் மிளகு கிலோ 700 ரூபாயை ஒட்டி விற்றது. வியட்நாமியர் விடுவார்களா? மலைமலையாய் நட்டார்கள். நம்மவரும் நட்டார்கள். எல்லாக் கொடியும் ஒருங்கே காய்த்தபோது விலை சரிந்தது. 2017 டிசம்பரில், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி ஆகக்கூடாதென்று அரசு ஆணையிட்டும், 2019 வாக்கில் விலை பாதியாகிவிட்டது. என் தோழனின் அக்காள் திருமணம் இரண்டாண்டு தள்ளிப்போனது அப்போதுதான். இதை அவன் அன்றுதான் எனக்குச் சொன்னான். விலை விழவே வியட்நாம் உழவர் பலர் காப்பிக்கும் டுரியன் பழத்துக்கும் மாறினர். வரத்துக் குறைந்தது, 2024-இல் விலை மீண்டும் 600-ஐத் தாண்டிற்று.

இனி மிளகு இருந்த இடத்தில் சில்லை வைத்துப் பாருங்கள். நினைவகச் சில்லு செய்யும் ஆலை ஒன்றைக் கட்ட ஆயிரங்கோடி டாலரும் வேண்டும், இரண்டு மூன்று ஆண்டும் வேண்டும். கட்டியபின் அதை நிறுத்திவைத்தாலும் போட்ட முதலுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே விலை விழுந்தாலும் ஓட்டுகிறார்கள். இன்று உலகில் இவ்வகைச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வோர் மூவரே: கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். முன்பு பலர் இருந்தனர். ஜெர்மனியின் கிமோண்டா 2009-இலும் ஜப்பானின் எல்பிடா 2012-இலும் நொடித்தன. இரண்டும் விலை வீழ்ச்சியில் மாண்டவை.

2020-21-இல் ஊரடங்கால் வீட்டுக்கு வீடு கணிப்பொறி வாங்கினோம். 2022-இல் வாங்குவோரைக் காணோம், கிடங்குகள் நிரம்பின. 2023-இல் பெரிய நிறுவனங்களே நட்டத்தில் மூழ்கி உற்பத்தியைக் குறைத்தன. அவ்வேளையில்தான் செயற்கை அறிவு வந்து கதவைத் தட்டிற்று. அதற்கு வேண்டுவது ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தனிவகை நினைவகம். நம் துண்டுக்குச் செலவாகும் சிலிக்கான் தகட்டைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தகட்டை அது விழுங்குகிறது, இலாபமும் அதில்தான். எனவே ஆலைகள் அப்பக்கம் சாய்ந்தன. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூசியல்' வகையையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. எர்ணாகுளத்துக் கடைக்காரர் என்ன செய்வார், பாவம்!

மிளகுக்கும் சில்லுக்கும் வேறுபாடு இல்லையா என்று பெரியவரைக் கேட்டேன். அவர் ஒரு மூட்டையைத் தட்டிக் காட்டினார். "நன்றாகக் காய்ந்த மிளகு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், தம்பி. விலை பிடிக்காவிட்டால் கிடங்கைப் பூட்டிவிடுவோம். உங்கள் பொருள் காத்திருக்குமா?"

காத்திராது. ஓரிரண்டு ஆண்டில் அடுத்த தலைமுறைச் சில்லு வந்து பழையதை மதிப்பிழக்கச் செய்யும். மிகுதியானால் எவ்விலைக்கேனும் தள்ளியாக வேண்டும். பற்றாக்குறை வந்தாலோ அவிழ்த்துவிடப் பழைய மூட்டை இல்லை. மிளகு விலை ஊஞ்சல் என்றால் இது இராட்டினம். 1993-இல் ஜப்பானின் நீகாமா நகரில் சில்லுகளை மூடும் பிசின் செய்யும் ஆலை ஒன்று தீப்பிடித்தது. பல ஆலைகளுக்கு அந்த ஓர் ஆலையே பிசின் தந்து வந்ததால், உலகெங்கும் நினைவக விலை தாவி ஏறிற்று.

ஆனால் என் முழக்கம் முற்றும் வீண் என்றும் ஒப்பமாட்டேன். விற்போர் சிலரே ஆகும்போது கூடிப்பேசும் ஆசை எழும். விலையை ஒன்றுகூடி உறுதி செய்த குற்றத்துக்காக 2005-இல் அமெரிக்காவில் சாம்சங் 30 கோடி டாலரும் ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலரும் தண்டம் இறுக்க ஒப்பின. இவ்வேற்றத்துக்கு மேற்சொன்ன காரணங்களே போதும் என்பது என் கருத்து. எனினும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

"விலை இறங்குமா ஐயா?" என்றேன் விடைபெறுகையில்.

"இறங்கும். எப்போது என்று மட்டும் கேட்காதே."

இன்று அடிக்கல் நாட்டும் ஆலை என் படிப்பு முடிந்த பின்தான் சில்லு தரும். ஆகவே படிப்பு முடித்துச் செல்லும் அண்ணன் ஒருவரிடம் பழைய 8 ஜி.பி. துண்டை வாங்கி ஒட்டிக்கொண்டு ஆய்வேடு எழுதுகிறேன். மிளகு விலை ஏறியிருப்பதால் குமுளியில் பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் புதுக்கொடி நடுகிறார்களாம். என் தோழனின் தந்தை மட்டும் இவ்வாண்டு நடவில்லை.