பிள்ளை வளர்ப்பில் துணை தேடுதல்

பழவேற்காட்டைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் பூநாரைகளைப் பற்றிப் பேசுவர். அன்றேல் டச்சுக்காரர் விட்டுச்சென்ற கல்லறைகளைப் பற்றிப் பேசுவர். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது அவ்வேரிக்கரைக் குப்பங்களிற் பிள்ளை வளர்ப்போரின் சங்கடம் ஒன்றினை. மாணவர்களாகிய உங்களிடம் இதை ஏன் சொல்லவேண்டும் என்பது போகப்போக விளங்கும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன முறையில், இன்னார் வலையிடலாம் என்பதை ஊரார் கூடிச் சீட்டிட்டு முடிவு செய்வர். முறை மீறினால் பஞ்சாயத்து உண்டு. ஓடும் தண்ணீரைப் பங்கிடுவதற்கே இத்தனை பேரைக் கலந்துகொள்ளும் மக்கள், பெற்ற பிள்ளை கைக்கு அடங்காதபோது மட்டும் ஒருவரையும் கேளாமல் வாயடைத்து நிற்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். தகப்பன் விடியுமுன் தோணியேறிவிடுகிறான். தாய் மீன்கூடையுடன் சந்தைக்குப் போய்விடுகிறாள். பாட்டியின் பொறுப்பில் பிள்ளை வளர்கிறது. பிழை நேர்ந்தால் ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. அதற்குச் சில மாதங்களுக்குப் பின், என் பள்ளியில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். கேட்டால் பதிலில்லை. தங்கையை அடிப்பான், ஏரிப்பக்கம் போகச் சொன்னால் ஓடி ஒளிவான். அவன் தந்தை அவனை இழுத்துவந்து, “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்” என்றார். ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான். எனினும் அன்று பிரம்பைத்தான் எடுத்தேன். பையன் மறுநாள் முதல் வரவில்லை.

அந்நாட்களில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தார், நம் மாநிலக் கடற்கரை ஊர்களில் தொண்டர்கள், ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் முதலியோருக்கு மனத்துயர் ஆற்றும் பயிற்சி அளித்துவந்தனர். அத்தகைய பயிற்சி பெற்ற பெண்மணி ஒருவர் எங்கள் குப்பத்துக்கும் வந்தார். அவர் பையனிடம் பேசுமுன் தாயின் பக்கத்தில் அமர்ந்து, “இரவு எப்படிக் கழிகிறது, அம்மா?” என்றுதான் கேட்டார். அதற்குப்பின் தாய் ஒரு மணி நேரம் பேசினாள். பையன் மட்டுமன்றித் தந்தையும் அலை வந்த நாள் முதல் உறங்குவதில்லை என்பது அப்போதுதான் வெளிவந்தது. அப்பெண்மணி தந்தையையும் சந்தித்தார். தோணியேறுமுன் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும், திரும்பியதும் முகம் காட்டவேண்டும், ஒவ்வொரு நாளும் சில அடிதூரம் அவனைக் கரைக்கு நடத்திச் செல்லவேண்டும் என்று அவருக்குப் பழக்கினார். பையன் பள்ளிக்குத் திரும்ப அரையாண்டு ஆயிற்று. வகுப்பில் அமர்ந்தான், எழுதினான். என் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

அத்தந்தையிடம் மருத்துவர் ஒருவரையும் பார்க்கலாமே என்று நான் ஒருநாள் சொன்னபோது, “என் பிள்ளையைக் கீழ்ப்பாக்கத்துக்கா அனுப்பச் சொல்கிறீர்கள்?” என்று சினந்தார். 1794-இல் சென்னையில் தோன்றிய மனநல மருத்துவமனை இன்று இருக்கும் இடம் கீழ்ப்பாக்கம். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டோம்! பிள்ளை வளர்ப்பில் ஆலோசனை தேடுவது பித்துக்கு மருந்து தேடுவது அன்று. நீந்தத் தெரிந்தவன் சுழலில் அகப்பட்டபோது கை நீட்டுவது போன்றது அது.

அந்த ஆலோசனையில் நிகழ்வதுதான் என்ன? அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பாட்டர்சன் என்னும் உளவியலறிஞர், 1960-களில் தொடங்கி, குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் நடந்துகொள்வதை வீட்டிலேயே கவனித்துக் குறித்துவரச் செய்தார். அவர் கண்டதை நம்மூர் நிகழ்ச்சியாகவே சொல்கிறேன். பிள்ளை தின்பண்டத்துக்குக் காசு கேட்கிறது, தாய் மறுக்கிறாள். பிள்ளை வீறிட்டு அலறுகிறது; தாய் கொடுத்துவிடுகிறாள். அலறினால் கிடைக்கும் என்பதைப் பிள்ளை கற்றது. கொடுத்தால் ஓசை அடங்கும் என்பதைத் தாய் கற்றாள். மற்றொரு நாள் தாய் அடிக்கிறாள், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்பதையும் அவள் கற்றாள். இப்படியே ஒவ்வொரு சுற்றிலும் அலறலும் அடியும் உயர்கின்றன. இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஒருவருக்கொருவர் தவறான பாடத்தைக் கற்பித்துவிட்டனர். ஆதலின் இத்தகைய சிகிச்சையில் பெரும்பங்கு பெற்றோருக்கே. ஒரு வேளைக்கு ஒரு கட்டளையாகத் தெளிவாகச் சொல்லுதல், நல்லது செய்தபோது இன்னது நன்று என்று எடுத்துரைத்தல், சிறு குறும்பைக் காணாதிருத்தல், சொன்னதைச் சொன்னபடி நிறைவேற்றுதல் ஆகியவற்றை வாரந்தோறும் பழகிவருவர். இவை எளியவை போலத் தோன்றும். களைத்து வந்த தாய்க்கு ஒன்றும் எளிதன்று. அதனாற்றான் துணை வேண்டியிருக்கிறது.

இதற்கு முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. கண்ணையும் காதையும் சோதிக்கவேண்டும். காது கேளாத பிள்ளையைச் சொற்கேளாப் பிள்ளையென்று அடித்தவர்கள் உண்டு. பள்ளிகளுக்கு வரும் அரசு மருத்துவக் குழுவினரிடமே இதைக் கேட்கலாம்.

இனி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, அதன்மேல் மனநலத்திற் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித்தர உரிமையுடையவர். மருத்துவ உளவியலாளர் மருந்து தருவதில்லை. சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அவர் தொழில். அவர் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்திற் பதிவு செய்துகொண்டவராக இருத்தல் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. ஆற்றுப்படுத்துநர் என்போர் மூன்றாம் வகையினர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள் என்பதைப் படித்திருப்பீர்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியைக் காட்டுவது அவற்றின் துறை. அச்சொல்லை இத்தொழிலுக்கு இட்டவர் யாரோ, நன்றாகவே இட்டிருக்கிறார். ஆயினும் அப்பெயர்ப்பலகை மாட்டியவர் அனைவரும் ஒரே அளவு பயின்றவர் அல்லர். எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்டறிக. ஒரே சந்திப்பில் பிள்ளையைத் திருத்தித் தருவேன் என்பவரையும், பெற்றோரை ஏசுபவரையும் விட்டு விலகுக.

குப்பத்திலிருந்து புறப்படுவோர் முதலில் தொலைபேசியிலிருந்தே தொடங்கலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசுப் பணியின் எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். வேண்டின் வல்லுநரிடம் ஆற்றுப்படுத்துவார். நேரிற் காண விரும்புவோர் பொன்னேரி அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை எங்கே, எந்த நாளிற் காணலாம் என்று விசாரிக்கவேண்டும். குழந்தைக்கு எவரேனும் தீங்கிழைக்கின்றனர் என்ற ஐயம் இருப்பின் காத்திராமல் 1098-ஐ அழைக்கவேண்டும்.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்னும் அச்சம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்வோருக்கு இயல்பானதே. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சொன்னவற்றை மறைவாக வைத்திருக்கும் கடமையை இப்பணியினர்மேற் சுமத்தியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு போன்ற நிலைகளிலன்றி அது மீறப்படுவதில்லை.

வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள் உங்களிற் பலர். விண்ணப்பம் எழுதித் தருபவரும், எண்ணைச் சுழற்றித் தருபவரும் நீங்களே. அம்மா அழும்போது தம்பியைத் திட்டிவிட்டுப் போய்விடாமல், ஒரு தாளில் குறித்து வையுங்கள்: தம்பி எத்தனை மணிக்கு உறங்குகிறான், எப்போது சினக்கிறான், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, அதன்பின் யார் என்ன செய்தார். முதற் சந்திப்பில் கேட்கப்படுபவை பெரும்பாலும் இவைதாம். தந்தையும் உடன் வருவது நலம். அவருக்குப் பாடு இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளானால் இன்னும் வசதி, அன்று எப்படியும் கடலுக்குப் போகவேண்டாமென்று சொல்லிவிடுவார்கள்.