மெய்நிகர் உலகில் ஒரு சலாகை வரைபு
(தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – செயற்றிட்ட வழிகாட்டல்)



செயற்றிட்டம் என்றதும் உங்களில் பலர் விரிதாளில் ஒரு சலாகை வரைபை வரைந்து, அதை நிகழ்த்துகைக் கோப்பில் ஒட்டிச் சமர்ப்பித்து விடுகிறீர்கள். அது பிழையன்று. ஆனால் அதே தரவுகளைக் கொண்டு, உள்ளே நடந்து திரியக்கூடிய ஒரு வரைபையும் அமைக்கலாம். அப்படி அமைக்கும்போது தரவு, அளவுத்திட்டம், ஆள்கூறு, செய்நிரல் ஆகிய நான்கும் ஒரே வேலையில் வந்து சேர்கின்றன. பரீட்சைக்குத் தனித்தனியே மனனம் செய்யும் விடயங்கள் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் காண்பீர்கள்.

முதலில் வரைவிலக்கணம். கணினியினால் உருவாக்கப்பட்ட முப்பரிமாண இடமொன்றில், பயனர் தமக்குரிய உருவம் ஒன்றின் மூலம் நடமாடி, பொருள்களை அமைத்து, ஏனையோருடன் தொடர்பாடக்கூடியதாக உள்ள தொகுதியே மெய்நிகர் உலகம் எனப்படும். அவ்வுருவம் அவதாரம் எனப்படும். எண்களாக உள்ள தரவுகளை நீளம், நிறம், அமைவிடம் போன்ற கண்ணுக்குப் புலப்படும் இயல்புகளாக மாற்றுதல் தரவுக் காட்சிப்படுத்தல் ஆகும்.

அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் 2003 இல் பொதுமக்களுக்குத் திறந்த ‘செக்கன்ட் லைப்’ இத்தகைய உலகங்களுள் பெயர் பெற்றது. அங்கு பயனர்களே பெட்டி, உருளை, கோளம் போன்ற அடிப்படைத் திண்மங்களைக் கொண்டு பலவற்றைக் கட்டுகின்றனர். 2006 இல் அமெரிக்கத் தேசிய சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் அங்கே ஒரு தீவை அமைத்தது. தரையில் விரித்த அமெரிக்க வரைபடத்தின் மேல் அவ்வப்போதைய வானிலைத் தரவுகள் காட்டப்பட்டன. அவதாரங்கள் அதன்மேல் நடந்து பார்க்கக்கூடியதாக இருந்தது. சுனாமி கரையை அடையும் விதமும் அதே தீவில் காட்டப்பட்டது.

செக்கன்ட் லைப்புக்கு இணைய இணைப்பு வேண்டும். வயதுக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே பாடசாலைக்கு நான் சிபாரிசு செய்வது ‘ஓப்பின் சிமியூலேற்றர்’. 2007 இல் தொடங்கப்பட்ட இந்தத் திறந்த மூல மென்பொருளை இணையம் இல்லாத ஒரே கணினியில் நிறுவி இயக்கலாம். உள்ளே சென்று பார்ப்பதற்கு ‘பயர்ஸ்ரோர்ம்’ போன்ற பார்வை மென்பொருள் ஒன்றும் தேவை. செக்கன்ட் லைப்பின் செய்நிரல் மொழியே பெரும்பாலும் இங்கும் செல்லும்.

இனி உதாரணத்துக்கு வருவோம். வட மாகாணத்தின் குடித்தொகையை எடுத்துக்கொள்வோம்.

1981 தொகைமதிப்பு: யாழ்ப்பாணம் 738,788, கிளிநொச்சி 91,764, மன்னார் 106,235, வவுனியா 95,428, முல்லைத்தீவு 77,189.

2012 தொகைமதிப்பு: யாழ்ப்பாணம் 583,882, கிளிநொச்சி 113,510, மன்னார் 99,570, வவுனியா 172,115, முல்லைத்தீவு 92,238.

பழைய நூல்களில் 1981 யாழ்ப்பாணத்துக்கு 830,552 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அப்போது கிளிநொச்சி தனி மாவட்டமாக இருக்கவில்லை. 1984 இல்தான் பிரிந்தது. மேலே உள்ள இரு எண்களையும் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இரு ஆண்டுகளை ஒப்பிடும்போது எல்லைகளும் ஒத்திருக்க வேண்டும். இதைக் கவனியாத செயற்றிட்டம் முதலாவது படியிலேயே பிழைத்துவிடும்.

அளவுத்திட்டம் அடுத்தது. 1 மீற்றர் = 10,000 பேர் என்று எடுத்தால் 1981 யாழ்ப்பாணத் தூண் ஏறத்தாழ 74 மீற்றர் வரும். செக்கன்ட் லைப்பில் தனிப் பொருளொன்றின் பக்கம் ஆகக்கூடியது 64 மீற்றர்தான் இருக்கலாம் (தொடக்க காலத்தில் 10 மீற்றர் மட்டுமே). ஆகவே 1 மீற்றர் = 20,000 பேர் என்று கொள்வோம். யாழ்ப்பாணம் 36.94 மீற்றரிலிருந்து 29.19 மீற்றராகவும், வவுனியா 4.77 இலிருந்து 8.61 ஆகவும் அமையும். மற்றவற்றை நீங்களே கணியுங்கள்.

தூண்களுக்குப் பதிலாகக் கோளங்கள் அழகாக இருக்குமே என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் கேட்பார். அங்கேதான் கணிதபாடம் கைகொடுக்கிறது. 2012 இல் யாழ்ப்பாணம் முல்லைத்தீவின் 6.33 மடங்கு. ஆரையை 6.33 மடங்காக்கினால் கனவளவு 6.33 இன் கனம், அதாவது ஏறத்தாழ 254 மடங்காகிவிடும். பார்ப்பவர் கண் கனவளவைத்தான் பார்க்கும். நீங்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் படம் பொய் சொல்லிவிட்டது. சரியாகச் செய்வதானால் 6.33 இன் கனமூலமான 1.85 மடங்கே ஆரையைக் கூட்ட வேண்டும். அப்படிச் செய்தாலும் கண்ணால் ஒப்பிடுவது கடினம். ஆகவே அடி 4 மீற்றர் × 4 மீற்றர் என மாறாமலும், உயரம் மட்டும் மாறுவதாகவும் உள்ள சதுரத் தூணே எனது தெரிவு.

அமைவிடம்: ஒரு நிலப்பகுதி 256 மீற்றர் × 256 மீற்றர். மாவட்டங்களை x அச்சில் 12 மீற்றர் இடைவெளியில் வைப்போம். ஆண்டுகளை y அச்சில் 1 ஆண்டுக்கு 1 மீற்றர் வீதம் வைக்க வேண்டும். 1981 இலிருந்து 2001 வரை 20 மீற்றர், 2001 இலிருந்து 2012 வரை 11 மீற்றர். சம இடைவெளியில் வைத்தால் காலம் பிழையாகத் தெரியும்.

z அச்சில்தான் அதிகமானோர் வழுக்கி விழுகின்றனர். பொருளொன்றின் ஆள்கூறு என்பது அதன் மையத்தின் ஆள்கூறு; அடியினுடையது அன்று. தரைமட்டம் 22 மீற்றர் என்றால் 36.94 மீற்றர் தூணின் மையம் 22 + 18.47 = 40.47 இல் இருக்க வேண்டும். எல்லா மையங்களையும் 23 இல் வைத்த மாணவர் ஒருவரின் வேலையைப் பார்த்தேன். தரைக்கு மேலே 1981 யாழ்ப்பாணம் 19.47 மீற்றர், முல்லைத்தீவு 2.93 மீற்றர் தெரிந்தன. உண்மையில் 9.57 மடங்கு, காட்டியது 6.6 மடங்கு. மிகுதி மண்ணுக்குள் புதைந்து கிடந்தது.

செய்நிரலைப் பார்ப்போம். தரவுகளை உலகினுள் உள்ள குறிப்புத்தாள் ஒன்றில் வரிக்கு ஒரு நிரையாக, பெயர், ஆண்டு, தொகை என்று காற்புள்ளியிட்டு எழுதலாம். செய்நிரல் ஒவ்வொரு வரியாக வாசித்து, காற்புள்ளியில் பிரித்து, தொகையை 20,000 ஆல் வகுத்து, அந்த உயரத்தில் தூண் ஒன்றை உருவாக்கும். வரி முடியும்வரை இதே மடக்கு நடைபெறும். இங்கே 738,788 என்று காற்புள்ளியுடன் எழுதினால் செய்நிரல் அதை 738 என்றும் 788 என்றும் இரண்டாகப் பிரித்து, யாழ்ப்பாணத்துக்கு நான்கு சென்ரிமீற்றர் கூட இல்லாத ஒரு தகட்டை வைக்கும். எண்ணைக் காற்புள்ளி இன்றியே எழுதுக.

இன்னொரு வேடிக்கை: முதல் முயற்சியில் நான்கு மாவட்டங்கள் எழும்பும், யாழ்ப்பாணம் மட்டும் வராது. பிழைச் செய்தியும் வராது. காரணம், உருவாக்கும் பொருளிலிருந்து 10 மீற்றருக்கு அப்பால் புதிய பொருளை உருவாக்கும் கட்டளை சத்தமில்லாமல் தோற்றுப்போகும். தரையில் நிற்கும் பெட்டியிலிருந்து யாழ்ப்பாணத் தூணின் மையம் 18 மீற்றர் உயரத்தில் அல்லவா இருக்கிறது? தூணை அருகில் சிறிதாக உருவாக்கி, பின்னர் தூணுக்குள் இருக்கும் செய்நிரலே அதனைப் பெருப்பித்து, ஒரு தடவைக்கு 10 மீற்றருக்கு மேற்படாமல் படிப்படியாக உயர்த்தட்டும். ஒவ்வொரு தூணுக்கும் உருவாக்கும் பெட்டியும் 12 மீற்றர் நகர வேண்டும். அதையும் இரு தடவைகளில் செய்க.

2001 வரிசை எங்கே என்று இதற்குள் சிலர் கேட்டிருப்பீர்கள். 1991 இல் நாட்டில் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் யுத்த நிலைமை காரணமாக 25 மாவட்டங்களுள் 18 இல் மட்டுமே அது முழுமையாக நடைபெற்றது. வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பதினெட்டில் இல்லை. ஆகவே அந்த நிரலை வெறுமையாக விடுகிறீர்கள். செய்நிரல் என்ன செய்யும்? வெறுமையான எழுத்துக்கோவையை எண்ணாக மாற்றச் சொன்னால் அது 0 என்று தரும். உயரம் 0 ஆன பொருள் இல்லாததால், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பான தகடு ஒன்று தரையில் கிடக்கும். அதைப் பார்ப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்? 2001 இல் அங்கு எவருமே வாழவில்லை என்றுதான். உங்கள் பெற்றோர் அப்போது அங்கே இருந்திருக்கலாம், எண்ணப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே எண்ணாக மாற்றுமுன் ஒரு நிபந்தனை இடுங்கள்: நிரல் வெறுமையாயின் தூண் அமைக்காமல், அதே 4 மீற்றர் சதுரத்துக்கு வெளிக்கோடு மட்டும் இட்டு, மேலே மிதக்கும் எழுத்தில் ‘தொகைமதிப்பு முழுமையாக நடைபெறவில்லை’ என்று காட்டுக. 1981 இற்கும் 2012 இற்கும் நடுவே நேர்கோடு கீறி இடையிலுள்ள பெறுமானத்தை ஊகித்து நிரப்பலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் மக்கள் நேர்கோட்டில் நகரவில்லை.

பார்வையாளர் நடக்கும் பாதையையும் திட்டமிட வேண்டும். அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும் என்பதால் 2012 தூணருகே நிற்பவருக்கு 29 மீற்றர் தூண், தூரத்தில் நிற்கும் 37 மீற்றர் தூணைவிட உயரமாகத் தோன்றும். ஒவ்வொரு தூணின் மேலும் எண்ணை எழுதுங்கள். இரண்டுக்கும் சம தூரத்தில் ஒரு மேடை அமையுங்கள். யாழ்ப்பாணம் மற்றவற்றை மறைக்காதபடி ஓரத்தில் இருக்கட்டும். மேடையில் நின்று பார்த்தால் அத்தூண் 7.75 மீற்றர் இறங்கியிருப்பது தெரியும். நான்கு அவதாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உயரம், 154,906 பேர். அதே காலத்தில் வவுனியா 1.8 மடங்காகியுள்ளது. ஏன் என்று வரைபு சொல்லாது. அதற்கு நீங்கள் வரலாற்றையும் வீட்டில் உள்ள மூத்தவர்களையும் நாட வேண்டும். செயற்றிட்ட அறிக்கையில் இதற்கென ஒரு பந்தி ஒதுக்குங்கள்.

மைன்கிராப்ற் வைத்திருப்பவர்கள் அதிலும் செய்யலாம். 2013 இல் பிரித்தானிய நில அளவை நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வே தனது நாட்டின் நிலவமைப்பையே அதில் அமைத்தது. ஆனால் அங்கு முழுக் கட்டிகளையே பயன்படுத்துவதாகக் கொள்வோம். 20,000 பேருக்கு ஒரு கட்டி என்று எடுத்து முழுவெண்ணாக மட்டந்தட்டினால் 1981 இல் கிளிநொச்சி, மன்னார், வவுனியா மூன்றும் 5 கட்டிகளாகிச் சமமாகிவிடும். 5,000 பேருக்கு ஒரு கட்டி என்றால் 18, 21, 19 என வேறுபாடு தெரியும்.

பயிற்சி: 1 மீற்றர் = 15,000 பேர் எனவும் தரைமட்டம் 22 மீற்றர் எனவும் கொண்டு, 1981 யாழ்ப்பாணத் தூண் 64 மீற்றருக்குள் அடங்குமா எனக் காண்க. அதன் மையத்தின் z ஆள்கூறு யாது? அதே அளவுத்திட்டத்தில் 2001 முல்லைத்தீவுக்கு நீர் என்ன அமைப்பீர்?

விடை: உயரம் 49.25 மீற்றர், அடங்கும்; z = 46.63. 2001 முல்லைத்தீவுக்கு வெளிக்கோடு இட்ட வெற்றுச் சதுரமும் விளக்க எழுத்தும்.